பசை காய்வதற்குள்

அவர் காலை நடைக்குக் கிளம்பினால், தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டும் வரை அவள் ஜன்னலருகே நிற்பாள். பாசத்தால் என்று பார்க்கிறவர்கள் நினைக்கலாம். பாதியில் திரும்பி வந்துவிடக் கூடாதே என்கிற பயம்தான். அன்றும் கணவரின் சட்டை முதுகு கடைப் பலகைக்குப் பின்னால் மறைந்த பிறகே உள்ளே திரும்பினாள். மேஜையில், விரித்த செய்தித்தாளின்மேல், ஒரு பிளாஸ்டிக் டப்பா கவிழ்ந்திருந்தது. அதைத் தூக்கினாள். உள்ளே அந்த விமானம். அவளுடைய உள்ளங்கையில் வைத்தால் இறக்கைகள் மட்டும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் அளவு. உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானம், ஸ்பிட்ஃபயர், அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. பெட்டியின் மேல்படத்தில் அது மேகத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பெட்டிக்குள்ளே சாம்பல் நிறத் துண்டுகளாகக் கிடந்தது. வெட்டி, தேய்த்து, ஒட்டி நாம்தான் விமானமாக்க வேண்டும்.

முந்தின நாள் மாலை, விமானி உட்காரும் குழியின்மேல் கண்ணாடி மூடியை அவர் ஒட்டியிருந்தார். கடைசி வேலை அதுதான். இப்போது குனிந்து பார்த்தால் மூடி ஒருபக்கமாக வழுகி, பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. பசை காய்ந்துவிட்டது.

இதுவரை அவளுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் உருக்கித்தான் ஒட்டும், இறுக நேரமெடுக்கும். அவர் எழுந்ததும் ஒட்டிவிட்டு நடக்கப் போவார். அவர் போன கையோடு இவள் உட்கார்ந்து, கோணலாக நிற்பதை நேராக்கிவிடுவாள். முதல் தடவை அது தற்செயல். மேஜையைத் துடைக்கப்போய், காலை அகட்டிக்கொண்டு நின்ற ஒரு சக்கரத்தில் கை பட்டது, அது நேராகிவிட்டது. அன்று மாலை அவர் அதைப் பார்த்தார். குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். பிறகு சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். பல வாரங்களாகத் தட்டைக் கிளறிவிட்டு எழுந்துபோன மனிதர். அதைப் பார்த்த பிறகு எந்தப் பெண்டாட்டிக்குக் கை சும்மா இருக்கும்? மறுநாள் அடுத்த சக்கரம். அப்புறம் வால். அப்புறம் இறக்கை. இறக்கைதான் பெரும்பாடு, இரண்டும் ஒரே அளவு மேல்நோக்கிச் சாய வேண்டும், இல்லாவிட்டால் விமானம் நொண்டியடிக்கும். ஒரு பக்கத்துக்கு நகப்பூச்சுப் புட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு, அவர் திரும்பும் காலடி கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அது கை வந்த வேலை. பியூட்டி பார்லரில் புருவம் எடுக்கிறவள். முடி ஒன்று கூடப்போனாலோ குறைந்தாலோ ஒரு முகம் கோபமாகவும் இன்னொரு முகம் அசடாகவும் ஆகிவிடுகிற தொழில். தன் கைப்பை இடுக்கியை வைத்தே அவருடைய விமானத்தையும் சீர்செய்துவந்தாள். அவருக்குச் சந்தேகம் வரவில்லை. “பசை காயும்போது தானா இழுத்துக்குது பாரேன்” என்று ஒருநாள் அவரே சொன்னபோது, “ஆமாங்க, நல்ல பசைபோல” என்று அவளும் ஒத்து ஊதினாள்.

காய்ந்த மூடியை என்ன செய்வது? விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். டிக் என்று கழன்று வந்தது. நல்லவேளை, விரிசலில்லை. அவருடைய பசைப் புட்டியைத் திறந்தால் உள்ளே கட்டிதட்டிக் கிடந்தது. புட்டியின் மூடியைத் திருகி இறுக்க அவர் கைக்கு வந்திருக்காது. அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அவள் அப்படியே நின்றாள். பிறகு கைப்பையைத் துழாவி, பார்லரில் செயற்கை நகம் ஒட்டுகிற பசையை எடுத்தாள். தொட்டால் ஒட்டும், எண்ணுவதற்குள் இறுகும். மூடியை நேராக உட்காரவைத்து, சுற்றிலும் ஊசி முனையால் பசையைத் தொட்டு வைத்து, தூசி விழாமலிருக்க டப்பாவைப் பழையபடி கவிழ்த்தாள்.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். பல மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, வலது கைக்கு ஒரு நெம்புகோல், இடது கைக்கு ஒன்று. வலது கைதான் சரக்கை ஏற்றி இறக்கும். கட்டட வேலையிடத்தில் அவருக்கு ‘மேல்வீட்டுக்காரர்’ என்று பெயர். கம்பிக்கட்டை ஒரு முட்டையை வைக்கிறமாதிரி இறக்குவார் என்பார்கள். கீழே நின்று சரக்கைக் கட்டி, வாக்கிடாக்கியில் வழி சொல்வது அவளுடைய தம்பி. “எனக்கு மேல கடவுள் இல்லக்கா, மச்சான்தான் இருக்காரு” என்பான் அவன். அந்த வலது கைதான் நடுங்க ஆரம்பித்தது. முதலில் தேநீர்க் குவளையில், அப்புறம் சட்டைப் பொத்தானில், ஒருநாள் கூண்டிலும். கம்பிக்கட்டு நினைத்ததைவிட வேகமாக இறங்கி, கீழே கிடந்த பலகையை நொறுக்கியது. பலகையின்மேல் யாரும் நிற்கவில்லை. காற்று என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் ஆமாம் என்றார். மறுநாளே முதுகுவலி என்று நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். நரம்பு என்றார் மருத்துவர். மாத்திரையில் அடங்கலாம், அடங்காமலும் போகலாம் என்றார். வேலையிடத்துக்கு இது தெரியாது. அங்கே சோதிப்பதெல்லாம் கண்ணும் ரத்த அழுத்தமும்தான். தம்பிக்கும் தெரியாது. இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அவர் நடந்து முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது, வேலையிடத்து மேலாளர். இடது கையால் எடுத்தார்.

“சொல்லுங்க சார்... நாளைக்கா? இப்ப ஓட்டுறவன் எங்க போனான்?... ஓ... இல்ல சார், முதுகெல்லாம் சரியாயிடுச்சு. ஏறிடுவேன் சார். காலைல வந்துடுறேன்.”

அவள் வேலைக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நடுவழியில் நின்றது. “என்னங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு...”

“டாக்டர் என்ன சொல்லப்போறாரு? மாத்திரையக் கூட்டுவாரு. நான் வேற ஒருத்தர்கிட்ட கேட்டுட்டேன்.”

“யாருகிட்ட?”

அவர் மேஜையில் கவிழ்ந்திருந்த டப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “சிரிக்காத. பொழுதுபோகலன்னு வாங்கினேன்னு நெனச்சியா? வாங்குறப்பவே மனசுக்குள்ள ஒன்னு முடிவு பண்ணிட்டேன். இது நேரா நின்னா மேல ஏறுவேன். கோணலா நின்னா லைசென்ஸ மடிச்சு பீரோவுல போட்டுட்டு வேற பொழப்பு பாப்பேன். எனக்கு நானே வெச்சுக்கிட்ட பரீட்சை. உங்கிட்டகூட சொல்லல. சொன்னா நீ பாவம், சாமி கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருப்ப.” அவர் சிரித்தார். கண் வரைக்கும் போன சிரிப்பு. “சக்கரத்தப் பாத்தியா? இறக்கையப் பாத்தியா? நூல் புடிச்ச மாதிரி நிக்குதுடி. மூடி ஒன்னுதான் பாக்கி. நல்லா காயட்டும்னுதான் தொடாம இருக்கேன்.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் அவர் கண்ணாடி முன்னால் நின்று, தன் பழைய வேலைச் சட்டையை மேலே வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்திருந்த வலது கை துணியோடு சேர்ந்து படபடத்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேஜையில் நேராக நிற்கும் ஒன்று இருக்கும்போது கையை எதற்குப் பார்க்க வேண்டும்?

“டப்பாவ இப்ப தூக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள். “சாயங்காலம் நான் வந்ததும் பாக்கலாம்.”

“உத்தரவு” என்றார் அவர், வணக்கம் வைத்து.

பார்லரில் முதல் ஆளாக ஒரு பள்ளி ஆசிரியை வந்து சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் சுற்றி, அவள் புருவத்தின்மேல் குனிந்தாள். இத்தனை வருடத்தில் இந்த வேலைக்கு அவள் யோசித்ததே கிடையாது. இன்று யோசித்தாள். இதே விரல்தானே சக்கரத்தைத் தள்ளியது, இதே விரல்தானே இறக்கையைத் தூக்கிப்பிடித்தது. ஒரு மனிதர் யாருக்கும் தெரியாமல் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்து, யோக்கியமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் போய்த் திருத்தி எழுதிவைத்திருக்கிறேன். இப்போது அவர் பாஸாகிவிட்டார். பாஸாகி, நாளைக் காலை, ஆள் தலைகளுக்கு மேலே டன் கணக்கில் இரும்பைத் தூக்கப்போகிறார். “ஸ்ஸ்...” என்று ஆசிரியை துள்ளினார். இமையின் மேல் தோலில் பொட்டாக ரத்தம். முதலாளியம்மா ஓடி வந்து பஞ்சு வைத்துச் சமாதானம் சொல்லிவிட்டு, இவளைப் பார்த்து, “உனக்கு என்னாச்சு இன்னைக்கு? போ, போய் மொதல்ல தண்ணி குடி” என்றார்.

தண்ணீர் குடிக்கவில்லை. பின்படிக்கட்டில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள். பின்னணியில் இரும்பு மோதும் சத்தத்தோடு அவன் குரல் வந்தது.

“அக்கா! கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்! மேல்வீட்டுக்காரர் நாளைக்கு வர்றாராமே! இங்க எல்லாரும் பட்டாசு வெடிக்காத குறைதான்.”

“நாளைக்கு நீ லீவு போடு.”

“என்னது?”

“உடம்பு சரியில்லன்னு சொல்லிடு.”

“என் உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன். மச்சான் ஏறுற அன்னைக்கு நான் லீவு போட்டா அவரு என்ன நெனப்பாரு? அக்கா, இத்தன நாளா ஒருத்தன் ஓட்டினான் பாரு, அவன் இறக்கும்போதெல்லாம் உயிரக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன். நாளைக்குத்தான் நிம்மதியா நிக்கப் போறேன்.”

“சொன்னா கேளேன்டா.”

“நான் வரலைன்னா புதுசா சேந்த ஆளத்தான் கீழ நிறுத்துவாங்க. பாவம், ரெண்டு புள்ளைக்காரன், சரக்கு எந்தப் பக்கம் ஆடுனா எந்தப் பக்கம் நகரணும்னே அவனுக்கு இன்னும் பிடிபடல. ஏன்க்கா, எதுனா கெட்ட கனவு கண்டியா?”

“ஆமா, கனவுதான்” என்று சொல்லிப் போனை வைத்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தன் வீட்டுப் பிள்ளையை மட்டும் கிரேனுக்கு அடியிலிருந்து இழுத்துவிட்டால் போதுமா? அந்த இடம் காலியாகவா இருக்கும்? இன்னொருத்தி வீட்டு ஆள் அங்கே நிற்பான், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. அவளுக்கும் ஒரு அடுப்படி இருக்கும், ஒரு ஜன்னல் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தவள், இப்போது சோற்றையே ஊரான் தட்டுக்குத் தள்ளப் பார்க்கிறாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது? ‘என்னங்க, ஒன்னு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது.’ பால் பொங்கி வழிந்ததற்குச் சொல்கிற வார்த்தை மாதிரி இருந்தது. ‘சக்கரத்த நான்தான் நேராக்கினேன்.’ இதைச் சொன்னால் அவர் முகம் என்னவாகும் என்று நினைத்தாள். அதோடு அவர் வாழ்க்கையில் கூண்டு முடிந்தது. வேறு பிழைப்பு என்று அவர் வாயால் சொல்லிவிடலாம், எந்தப் பிழைப்பு? வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, நடுங்கும் கையால் கேட்டைத் திறக்கிற மனிதராக அவரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லாவிட்டால்? அதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாத்திரை வேலை செய்தாலும் செய்யலாமே, நாளைக்குக் கை அடங்கியே இருக்கலாமே என்று மனசு ஒரு பக்கம் பிச்சைக்காரி மாதிரி கையேந்தியது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

கதவு திறந்தேதான் இருந்தது. அவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். டப்பா பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

விமானத்தின் கண்ணாடி மூடி வெள்ளையாகியிருந்தது. புரை விழுந்த கண் மாதிரி, உள்ளே இருப்பது எதுவும் தெரியாமல் முழுசாக வெளுத்துப்போயிருந்தது. காலையில் ஒட்டும்போது தெள்ளத்தெளிவாக இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“உத்தரவ மீறிட்டேன்” என்றார் அவர், திரும்பாமல். “வா. உக்காரு.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“இது என்ன பசை?”

அவள் கைப்பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள்.

“என் பசை இப்படி வெளுக்காது. பெட்டியில வந்த தாள்லயே போட்டிருக்கான், சட்டுன்னு ஒட்டுற பசையக் கண்ணாடித் துண்டுகிட்ட கொண்டுபோகாதன்னு. அதோட ஆவி கண்ணாடியில படிஞ்சிடுமாம். அதுலயும் காத்துப்போகாம மூடி வெச்சா கேக்கவே வேணாம்.” மேஜையில் விரலால் தட்டினார். விரல் தட்டியதா நடுங்கியதா என்று சொல்ல முடியவில்லை. “மோந்து பாத்தேன். தெனமும் உன் பையில அடிக்கிற வாடை.”

“நகம் ஒட்டுறது” என்றாள் அவள். “கோணலா இருந்துச்சு. உங்க புட்டி காஞ்சு கெடந்துச்சு. மனசு கேக்கல.”

“இது மட்டுமா?”

கேட்டுவிட்டு இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். இது மட்டும்தான் என்று சொன்னால் நம்பிவிடுவார். நம்புவதற்குத் தயாராக, கெஞ்சிக்கொண்டு, அந்த முகம் இருந்தது. ஒரு மூடிதானே, போகட்டும், மற்றதெல்லாம் என் கைதானே என்று இரவு தூங்கிவிடுவார், காலையில் கிளம்பிவிடுவார். இவ்வளவு காலத்தில் இந்த மனிதரிடம் அவள் எதையும் இவ்வளவு வெறுத்துச் சொன்னதில்லை.

“சக்கரம்” என்றாள்.

“எது?”

“ரெண்டும். வாலு. அப்புறம்... இறக்கையும்.”

“முன்னாடி விசிறி?”

“அதுவும்.”

“அப்ப நான் என்னதான்டி பண்ணேன்?”

“பசை எல்லாம் நீங்க வெச்சதுதாங்க.”

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பசை வெச்சேன்” என்றார் அவர். “சரி.” கொஞ்ச நேரம் விமானத்தையே பார்த்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலாம். அவர் குரல் சாதாரணமாக, களைத்துப்போய் வந்தது. “கைதான் போச்சுன்னு இருந்தேன். எது நேரு, எது கோணல்னு பாக்குற கண்ணு இருந்துச்சு. அத வெச்சு சமாளிச்சிடலாம்னு இருந்தேன். அதையும் நீ எடுத்துட்ட.”

“எனக்கு இது பரீட்சைன்னு தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. நீங்க சாப்புட்டீங்க. அதான்...” அழுகை வந்தது. “நாளைக்குக் கீழ தம்பி நிக்கிறான்.”

“தெரியும். அதுக்குத்தானே இத வாங்கினேன்.”

அவர் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உன்ன மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல. காலைல சக்கரம் கோணலா இருந்தத என் கண்ணாலயே பாத்தேன். சாயங்காலம் நேரா நின்னுச்சு. பசை இழுத்துக்குச்சுன்னு நெனச்சேன். உலகத்துல எந்தப் பசை அப்படி இழுக்கும்? நெனைக்கணும்னு நெனச்சேன், அவ்வளவுதான்.” பெட்டியை இழுத்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார். “சார் சாயங்காலம் மறுபடி போன் பண்ணி உறுதிப்படுத்துறேன்னாரு. இப்ப அடிக்கும்.”

இந்தப் பெட்டிகளில் சில துண்டுகள் இரண்டு விதமாக வரும், பிடித்ததை ஒட்டிக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். துண்டுகள் கோத்து வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் மீந்திருந்த இன்னொரு கண்ணாடி மூடியை அவர் கிள்ளி எடுத்தார். பழையதன் அடியில் கத்தி நுனியைக் கொடுத்தார். கத்தி வழுகி, விமானத்தின் முதுகில் ஒரு கீறல் போட்டது. அவள் சட்டென்று முன்னால் வந்தாள்.

“தொடாத” என்றார்.

வெளுத்த மூடி கடைசியில் உடைந்துதான் வந்தது. திறந்த குழிக்குள் விமானி தெரிந்தான். சுண்டுவிரல் நகத்தளவு ஆள். அவனைத் துணைக்கு யாருமில்லாமல் அவரே உட்காரவைத்து, விமான உடம்பின் இரு பாதிகளையும் அவன்மேல் மூடியிருந்தார், அதனால் அவளுடைய இடுக்கி அவனை எட்டவில்லை. ஒருபக்கமாகச் சரிந்து, தோளைச் சுவரில் சாய்த்து, தூங்கிவிட்டவன் போல உட்கார்ந்திருந்தான். இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“உன் பசையக் குடு” என்றார். “என் புட்டிதான் காஞ்சுபோச்சே. திறந்து வெச்சு ஒட்டினா வெளுக்காதுல்ல?”

“தெரியலங்க.”

“வெளுத்தா வெளுக்கட்டும். நேரா உக்காருதான்னுதான் கேள்வி. உக்காந்தா, நாளைக்குக் கெளம்புறேன். உக்காரலன்னா, போன் அடிச்சதும் நானே உண்மையச் சொல்லிடுறேன். கைன்னு சொல்லிடுறேன். முதுகுன்னு சொல்ல மாட்டேன்.” நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீ பக்கத்துலயே உக்காரு. பாத்துக்கிட்டே இரு. மூச்சுகூட உதவிக்கு வரக் கூடாது.”

ஒரு மூடி உட்கார்ந்தால் மட்டும் கை சரியாகிவிடுமா என்று அவள் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இன்னொரு முறை அவர் வைத்த பரீட்சையில் அவள் தலையிடப்போவதில்லை. பசையைக் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடி நேராக உட்கார வேண்டும் என்று மனசு கேட்டது. உட்காரவே கூடாது என்றும் அதே மூச்சில் கேட்டது. விரல்கள் அடியில் மரத்துப்போக ஆரம்பித்தன.

அவர் கண்ணாடி மூடியை இடுக்கியால் பிடித்துத் தூக்கினார். ஜன்னல் வழியாகத் தாழ்ந்து வந்த மாலை வெயில் அதில் பட்டது. எதிர்ச்சுவரில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு விழுந்து, பறக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் துடிக்கும் பூச்சி மாதிரி ஆடியது. கையைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. சுவரையே பார்த்தாள். பொட்டு மேலே போனது, கீழே வந்தது, காலண்டர் ஆணியைத் தொட்டது, விலகியது. மேஜைமேல் போன் அதிர்ந்து அடிக்கத் தொடங்கியது. அவர் எடுக்கவில்லை. அவளும் நகரவில்லை. சுவரில் பொட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, ஆடிக்கொண்டே.